ஏழு தடவை துள்ளின முட்டை

இல்லீங்க அம்மிணி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். தெர்மோகோல் பொட்டிதான், கனமெல்லாம் இல்ல. நீங்க சித்த அக்கட்ட நகுந்தா இந்தத் தூக்குப்போசியை மட்டும் நடுவுல வச்சுக்கலாம். சிந்தாதுங்க, துணி போட்டு இறுக்கி மூடியிருக்கேன். வாசம் வருதுங்களா? கோழிக் கறிதான். எந்தம்பிக்கு. பெரியாஸ்பத்திரியில கிடக்கிறான். நீங்களும் அங்கதானா? யாருக்கு? மாமியாருக்கு இடுப்பு எலும்பா. அடடா. எந்த மாடி? ரெண்டா? எங்க செல்லாண்டியும் ரெண்டாவது மாடிதான். பதினாறாம் கட்டில்.

பொட்டிக்குள்ள முட்டைங்க. ஒம்பது. ஆம்லெட் போடற முட்டை இல்ல, அடை முட்டை. இன்னைக்கு இருபதாம் நாளு. அடியில வெந்நி பாட்டல் வச்சு, என் பழைய சீலையைச் சுத்தியிருக்கேன். இந்தக் கண்டக்டர் பையன் ஏறும்போதே கேட்டான், "ஏனாத்தா, முட்டைக்கு டிக்கெட் வாங்கலையா?"ன்னு. பொரிஞ்சா வாங்கறன் போடான்னேன்.

ஏனுங் டிரைவரே! பள்ளத்துல மெல்ல எறக்குங்க! உள்ள உசுரு இருக்குது!

காதுலயே வாங்கமாட்டான்.

என்னங்க? உங்கூட்டுலயும் பொரிக்கிற பொட்டி வாங்கி வச்சிருக்கீங்களா? பன்னெண்டு வச்சு ஒண்ணுகூடப் பொரிக்கலையா? வெளிச்சம் பாத்தீங்களா? எத்தனாவது நாளு பாத்தீங்க? பதினெட்டாம் நாளு உள்ள ஒரே கறுப்பா இருந்துச்சுன்னு தூக்கிக் கொட்டிட்டீங்களா!

அய்யோ சாமி. அம்மிணி, அது கெட்டுப் போனதில்லைங்க. குஞ்சு நெறைஞ்சு போச்சுன்னா கறுப்பாத்தான் தெரியும். அத்தனையும் உசுரோட இருந்ததைத்தான் கொட்டியிருக்கீங்க. சரி விடுங்க. தெரியாமப் பண்ணினது. முட்டைதானே.

கேட்டுக்குங்க. மொதல்ல ஏழாம் நாளு பாக்கோணும். நாட்டுக்கோழி முட்டை ஓடு செவந்திருக்கும், அதுக்கு முன்னால பாத்தா ஒண்ணும் பிடிபடாது. டார்ச்சு வாயில சைக்கிள் ட்யூப்பை வளையமா வெட்டி மாட்டிக்கோணும், வெளிச்சம் சிதறக்கூடாது. இருட்டு ரூம்புல உக்காந்து, முட்டையோட அகலப் பக்கத்தை அதுமேல வச்சீங்கன்னா, உள்ள செலந்திப்பூச்சி கால் பரப்பின மாதிரி செவப்பு நரம்பு ஓடும். நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. அது கண்ணு. அப்படி இருந்தா உசுரு. ஒண்ணுமில்லாம வெளுப்பா, மஞ்சக்கரு நெழல் மட்டும் ஆடுச்சுன்னா கூமுட்டை. நரம்பெல்லாம் அறுந்து ஒரு செவப்பு வளையம் மட்டும் நின்னுச்சுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம், எடுத்துரோணும், இல்லாட்டி உள்ளயே வெடிச்சு மத்ததையும் கெடுத்துரும். பதினாலாம் நாளு இன்னொருக்கா பாக்கலாம். பதினெட்டுக்கு அப்பறம் திருப்பவும் கூடாது, நோண்டவும் கூடாது. அவ்வளவுதானுங்க. இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நானே மூணாப்பு.

ஆனா எங்கூட்டுக்காரரு வெளிச்சம் பாக்கறது வேற மாதிரி.

அவரு பேரு அர்த்தநாரி. எங்க சுத்துப்பட்டுல சேவக்கட்டுன்னா அவரு பேருதான் மொதல்ல சொல்வாங்க. நாப்பது வருசமாச் சண்டைச்சேவ வளக்கறாரு. அவருக்கும் எந்தம்பி செல்லாண்டிக்கும் சிநேகமே சேவலாலதான். களத்துல பாத்துப் பழகித்தான் எங்கப்பனை ஒத்துக்க வச்சு என்னைக் கட்டிவச்சான். நல்ல மனுசங்க ரெண்டு பேரும். நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

அவரு ஏழாம் நாளு முட்டையை வெளிச்சத்துல வச்சு, உள்ள இருக்கறது துள்ளுதான்னு பாப்பாரு. துள்ளுச்சுன்னா அது சண்டைக்காரனாம். வெளிச்சம் பட்டதும் அக்கட்ட ஒதுங்குச்சுன்னா அது ஓடுகாலியாம். "ஏனுங்க, அது ஒரு அவரை விதை அளவுகூட இல்ல, அதுக்கென்ன வீரம் தெரியும்"னு ஒருக்கா கேட்டேன். "உனக்கென்னடி தெரியும்"னாரு. எனக்குத் தெரியாதுதான்.

போன மாசம் இருவத்தினாலு முட்டை வச்சோம். அத்தனைக்கும் அப்பன் செங்கீரி. செங்கீரின்னா எங்கூட்டுச் சேவ. அதைப் பாக்கோணும் நீங்க! கழுத்து செம்பு மாதிரி மின்னும். அதுக்குப் பாதாம் ஊற வச்சுத் தோலுரிச்சுக் குடுப்பாரு. நான் உரிச்சுக் குடுப்பேன், அவரு ஊட்டிவிடுவாரு. மழை பேஞ்சா அது எங்க ரூம்புல, நான் தாவாரத்துல. அதுக்குச் சளி பிடிச்சா ரெண்டு நாளு சோறு எறங்காது அவருக்கு. எனக்கு இந்தக் கை ஒடிஞ்சப்ப... இல்ல, அதை விடுங்க. அது பழைய கதை.

சரியா ஏழாம் நாளு, ஞாயித்துக்கிழமை, கட்டு. கத்திக்கட்டு. காலுல கத்தி கட்டி விடுவாங்க, தெரியுங்களா? வெரல் நீளந்தான் இருக்கும். மயிரை மேல போட்டா ரெண்டா விழும். செங்கீரிக்கு எதுரா எங்க செல்லாண்டியோட வல்லூறு. வல்லூறுங்கறது அவன் சேவ. மாமனும் மச்சானும் வருசா வருசம் ஒருத்தருக்கொருத்தர் சேவ விட்டுப் பாப்பாங்க, அது ஒரு பழக்கம்.

நான் கட்டுக்கெல்லாம் போறதில்ல. அடுத்த தோட்டத்துக்காரர் வந்து சொன்னதுதான். ரெண்டும் ஒரு தாவு தாவுச்சாம். வல்லூறோட கத்தி பட்டுச்சோ படலையோ, ஒரு பொட்டு ரத்தம் இல்லையாம். செங்கீரி திரும்பிப் பாத்துச்சாம். அப்படியே ஆளுங்க காலுக்கு நடுவுல பூந்து களத்தை விட்டு ஓடிருச்சாம். ஆயிரம் பேரு சிரிச்சாங்களாம். செத்திருந்தா மரியாதைங்க. செத்த சேவலுக்கு மாலை போட்டவங்ககூட உண்டு. ஓடின சேவலுக்குப் பேரே வேற. அதுக்கு ஒரு சட்டம் இருக்குது: தோத்தது செயிச்சவனுக்கு. அவன் கொண்டுபோய்க் கறியாக்கித் திங்கலாம், யாரும் கேக்க முடியாது. செல்லாண்டி ரெண்டு காலையும் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கிட்டுப் போயிட்டான்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு இவரு வந்தாரு. சட்டையெல்லாம் புழுதி. நேரா முட்டைப் பொட்டியைத் தூக்கிட்டு நெல்லு ரூம்புக்குள்ள போனாரு. சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டாரு. "வாடி"ன்னாரு. "ஒவ்வொண்ணா எடுத்துக் குடு."

அவரு நெல்லு மூட்டை மேல உக்காந்துட்டாரு. நான் கீழ. பட்டப்பகல்லயும் அந்த ரூம்புல ஒண்ணும் தெரியாது, டார்ச்சு மேல வச்ச முட்டை மட்டும் செவசெவன்னு எரியற மாதிரி தெரியும். மொதல் முட்டை குடுத்தேன். பாத்தாரு. "ஒதுங்குது"ன்னாரு. செவுத்துல ஓங்கி அடிச்சாரு.

ஏழு நாளு முட்டை உடைஞ்சா எப்படி இருக்கும்னு நீங்க பாத்திருக்கமாட்டீங்க. பாக்காதீங்க. சும்மா முட்டை உடையற சத்தம் வேற. இது ஒரு மாதிரி, ஈரத்துணியை ஓங்கி அடிச்ச மாதிரி.

ரெண்டாவது ஒதுங்குது. டப். மூணாவது ஒதுங்குது. டப். நாலாவது துள்ளுச்சு. "ம்"னு திருப்பிக் குடுத்தாரு. வாங்கிப் பக்கத்துல இருந்த தவுட்டுக் கூடைக்குள்ள வச்சேன். அஞ்சு, ஆறு, ஏழு. டப், டப், டப். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை. "ஓடுகாலி." "பொட்டை." "செல்லாண்டிக்குப் பொறந்தது." என் மூஞ்சியெல்லாம் தெறிச்சுதுங்க. கண்ணைத் தொடைச்சா அவருக்குக் கோவம் வரும், அழுகறேன்னு நெனச்சுக்குவாரு. அதனால தொடைக்கல. பதினேழு குடுத்தேன். மூணுதான் தேறுச்சு. பதினாலு செவுத்துல.

இன்னும் ஏழு பாக்கி.

அப்ப எனக்கு என்ன தோணுச்சோ தெரியல. தேறின மூணுல ஒண்ணு இருந்துச்சு, கொஞ்சம் நீளவாக்குல இருக்கும், கைக்குத் தெரியும். அது வெளிச்சம் பட்டதும் நல்லாத் துள்ளும். அதை எடுத்து மறுக்கா குடுத்தேன். "துள்ளுது"ன்னாரு. வாங்கி வச்சேன். ஒரு புது முட்டையைச் சத்தமில்லாம எடுத்துத் தவுட்டுக்குள்ள பொதைச்சேன். திரும்ப அதே நீள முட்டையைக் குடுத்தேன். "துள்ளுது." வாங்கினேன், இன்னொண்ணைப் பொதைச்சேன். திரும்ப அதே. "ஓ, இது பரவால்ல"ன்னாரு! நீங்க சிரிக்கறீங்க. எனக்கு அப்ப ஒண்ணுக்கே வந்துருச்சுங்க.

நாலு, அஞ்சு, ஆறு தடவை. அதுக்கும் அலுத்துப் போச்சாட்ட இருக்குது. ஏழாவது தடவை வெளிச்சத்துல வச்சாரு, அது அசையவே இல்ல. உத்துப் பாத்தாரு. இன்னும் உத்துப் பாத்தாரு. கையைத் தூக்கிட்டாரு, அடிக்கறதுக்கு. நான் எந்திரிக்கற மாதிரி எந்திரிச்சு அவரு மொழங்கையில ஒரு இடி இடிச்சேன். "இன்னொருக்கா பாருங்க, இப்பத் துள்ளுது"ன்னேன். வச்சுப் பாத்தாரு. குலுங்கினதுல அது ஒரு ஆட்டம் ஆடுச்சு. "துள்ளுது"ன்னு திருப்பிக் குடுத்தாரு.

குடுத்துட்டு அந்த டார்ச்சாலயே ஒண்ணு போட்டாரு, மொழங்கையை இடிச்சதுக்கு. இங்க பாருங்க, புருவத்துக்கு மேல. மூணு தையல். ஆஸ்பத்திரியில கேட்டப்பக் கதவு இடிச்சுதுன்னேன். எங்கூட்டுக் கதவு பாவம், இந்த முப்பது வருசத்துல என்னை எத்தனையோ தடவை இடிச்சிருக்குது.

ஏனுங் டிரைவரே!

பாட்டல் ஆறிப்போச்சான்னு பாக்கறேன். இல்ல, வெதுவெதுன்னு இருக்குது.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங். பத்து முட்டை மிஞ்சுச்சு. பதினாலாம் நாளு ஒண்ணுல செவப்பு வளையம் வந்துருச்சு, எடுத்துட்டேன். இப்ப ஒம்பது. அந்த நீள முட்டைக்கு மட்டும் மஞ்சள்ல ஒரு பொட்டு வச்சிருக்கேன்.

மறுநாளு திங்கக்கிழமை. மத்தியானம் எந்தம்பி பொண்டாட்டி சரசு வந்தா. கையில இந்தத் தூக்குப்போசி. ஆமாங்க, இதேதான். வாசல்லயே நின்னுட்டா. "நங்கை, உங்க தம்பி குடுத்துட்டு வரச் சொன்னாரு. அண்ணனுக்குப் போடுவீங்களாமா. சாப்பிட்டு முடிச்சப்பறம் சொல்லோணுமாமா, அதுக்கு முன்னால வேண்டாமாமா"ன்னா. சொல்லிட்டுத் தரையைப் பாத்தா. அவளுக்குப் பிடிக்கல, பாவம். மூடியைத் தொறந்தேன். கறி.

கால் எலும்பைப் பாத்தாலே தெரியுமே. பாதாம் தின்னு வளந்த காலு.

அவரு ஞாயித்துக்கிழமையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. பசியோட ஒரு ஆம்பளை உக்காந்திருக்காரு, ஊட்டுல வேற கறி இல்ல. பொறந்தவன் ஒண்ணு சொல்லி அனுப்பினா அப்படியே செய்யறதுதானே அக்காளுக்கு அழகு? சோத்தைப் போட்டேன். கொழம்பை ஊத்தினேன். மொதல்ல வேண்டாம் வேண்டாம்னாரு. ஒரு வாய் வச்சாரு. அப்பறம் தட்டுல இருந்து தலை நிமிரவே இல்ல. "யாரு வச்சது? நீயா? இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான்டி ஒழுங்கா வச்சிருக்கே"ன்னாரு. எலும்பைக் கடிச்சு உறிஞ்சினாரு. தொடைக்கறியை ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினாரு. நான் பக்கத்துல உக்காந்து விசிறிவிட்டேன்.

நெஞ்செலும்பு வரைக்கும் முடிச்சு, கையும் கழுவி, ஒரு ஏப்பமும் விட்டாரு. அப்பறம் சொன்னேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? சொல்லச் சொல்லித்தானே அனுப்பினான். சாப்பிடறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்தான். ஆனா சாப்பிட உக்காந்த மனுசனைத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்க.

அவரு வாந்தியெடுக்கப் பாத்தாரு. வரல. வெரலை வுட்டுப் பாத்தாரு. வரல. அப்பறம் ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எங்க எருமை சினையில செத்தப்பக்கூட அப்படிக் கத்தல. "கத்திப்பொட்டி எங்கடி?"ன்னாரு. ஞாயித்துக்கிழமை தூக்கி எறிஞ்சதை நாந்தான் எடுத்து வச்சிருந்தேன். "பரண் மேல, வலதுகைப் பக்கம்"னு சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லீங்க எனக்கு.

செல்லாண்டி அவன் களத்துமேட்டுல வல்லூறுக்கு மஞ்சத்தண்ணி தொடச்சுட்டு இருந்திருக்கான். இவரைப் பாத்ததும் சிரிச்சிருக்கான். "என்னங்க மாமா, கறி எப்படி? கொஞ்சம் ஓடற கறி, வெந்திருக்காதே!" இவரு கிட்ட வந்துட்டாராம். வெரலிடுக்குல கத்தி. நேரா சேவலோட கழுத்துக்குத்தான் வீசியிருக்காரு. தம்பி என்ன பண்ணியிருப்பான்னு நெனக்கறீங்க? விட்டுட்டு ஓடியிருக்கலாம். சேவலுக்குக் குறுக்க கையை நீட்டிட்டான். வலது கை. ரெண்டு வெரலு அங்கயே போச்சு. இவரு நிறுத்தல. மறுபடி வீசினதுல தோளு, மறுபடி வீசினதுல காது. மூணாவது வெரலை ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. விழுந்த வெரலு ரெண்டையும் சரசு மண்டி போட்டுத் தேடியிருக்கா, ஒண்ணுதான் கெடைச்சுதாம். களத்துல கோழிங்க மேஞ்சுட்டு இருந்துச்சாம். வேண்டாம், அதை விடுங்க. உங்களுக்குக் கொமட்டுது போல.

வல்லூறுக்கு ஒரு எறகுகூட உதுரல.

இவரைப் போலீசு கூட்டிட்டுப் போயிருச்சு. பன்னெண்டு நாளாச்சு. அங்க நல்லாத்தான் இருக்காராம், வேளைக்குச் சோறு போடறாங்களாம், எங்க மவன் போய்ப் பாத்துட்டு வந்தான். மவன் திருப்பூருல கம்பெனியில இருக்கான். அவந்தான் ஓடியாடி வக்கீலு வச்சான். திங்கக்கிழமை ஜாமீன் மனு வருதாம். அடிபட்டவன் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தா வெளிய வந்துரலாமாம். கையெழுத்துப் போடற கை இல்லாததால எடதுகைப் பெருவெரல் ரேகையே போதும்னுட்டாரு வக்கீலு.

மவன் போய்த் தாய்மாமன் காலுல விழுந்திருக்கான். செல்லாண்டி சொன்னானாம்: "அந்த ஓடுகாலியோட முட்டை உங்கூட்டுல இன்னும் மிஞ்சியிருக்குதாமே. உங்கம்மாளைக் கொண்டாரச் சொல்லு. கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா என் காலால மிதிக்கோணும். எல்லாம் மிதிச்சப்பறம் ரேகை வைக்கறேன்." மவன் நேத்து போன்ல கத்தறான், "உனக்கு அப்பன் பெருசா, முட்டை பெருசா?"ன்னு. நானும் சரி சரின்னுட்டேன். முட்டைதானே.

அதான் போயிட்டு இருக்கேன்.

எந்தம்பி கெட்டவன் இல்லீங்க. நீங்க தப்பா நெனச்சுக்கக்கூடாது. இந்தக் கையைப் பாருங்க, மணிக்கட்டு வளைஞ்சு நிக்குதா? கல்யாணமாகி ரெண்டாம் வருசம் ஒரு பொட்டைக்கோழியை நரி தூக்கிட்டுப் போயிருச்சு, நான் பட்டியை ஒழுங்கா அடைக்கலைன்னு அவரு ஒடிச்சுவிட்டாரு. அன்னைக்கு மூணு மைலு நடந்து பொறந்த ஊட்டுக்குத்தான் போனேன். செல்லாண்டி தாங்கிப் பிடிச்சான். அவனே மூங்கில் பத்தை வச்சுக் கட்டுப் போட்டான். சோறு பெசஞ்சு ஊட்டிவிட்டான். மறுநாளு காலையில அதே கட்டோட, கையில ஒரு நல்ல பொட்டைக்கோழியும் குடுத்து, அவனே கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனான். "மாமா, போன கோழிக்கு இது"ன்னான். ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து சேவலைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க, நான் ஒத்தைக் கையால காபி வச்சுக் குடுத்தேன். அதுக்கப்பறமும் ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் திருப்பிக் கொண்டாந்து விட்டான். பொறுப்பானவன்.

அவன் ஆஸ்பத்திரியில கெடக்கறதால அவனோட சேவலுக்கெல்லாம் தீனி வைக்கறது நாந்தான். சரசு ஆஸ்பத்திரியிலயே இருக்காளே. தெனமும் காலையில போயிருவேன். கம்பு, ராகி, தண்ணி. மத்ததெல்லாம் பரவால்ல, அந்த வல்லூறு இருக்குதே, மொதல் நாளே என் பொறங்கையைக் கொத்திக் கிழிச்சுருச்சு. நான் ஒண்ணும் பண்ணல. வாயில்லாத சீவன்.

செத்த இருங்க. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?

இல்ல, பஸ்ஸு சத்தம் இல்ல. எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. அவரு செருப்பு சத்தத்துல இருந்தே அன்னைக்கு என்ன நடக்கும்னு சொல்லிருவேன், அப்படிப் பழகின காது. உங்க போன்ல லைட்டு இருக்குதுங்களா? போடுங்க. நான் முந்தானையை இழுத்து மூடிக்கறேன், நீங்களும் தலையை உள்ள விடுங்க. வெக்கப்படாதீங்க, யாரும் பாக்கல. கண்டக்டர் பாத்தா பாக்கட்டும்.

இந்தா, மஞ்சப் பொட்டு வச்சது. அகலப் பக்கத்தை லைட்டு மேல வச்சுக்குங்க. என்ன தெரியுது? எல்லாம் கறுப்பு. ஆமாங்க, அதைத்தான் நீங்க கொட்டினது. இப்ப மேல பாருங்க, உச்சியில, கறுப்பு முடியற எடத்துல. கொஞ்சம் வெளிச்சமா இருக்குதா? அது காத்துப்பை. அதுக்குள்ள என்ன நீட்டிட்டு இருக்குது? முள்ளு மாதிரி? ஆடுது பாத்தீங்களா? அலகுங்க. சவ்வைக் கிழிச்சுட்டு மூச்சு விட வந்துருச்சு.

காதுல வச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. கேக்குதா?

கேக்குதுல்ல?

ஏழு தடவை வெளிச்சத்துல காட்டின பையன். இல்லாட்டிப் பொண்ணோ என்னவோ. இப்பத் தானா பேசுது. இன்னொண்ணை எடுங்க. இதுலயும் அலகு. இதுலயும். சாயங்காலத்துக்குள்ள ஓடு விரிசல் விடும். நாளைக்குக் காலையில எல்லாம் வெளிய வந்துரும். இந்த நேரத்துல குளுரு பட்டா உள்ளயே ஒட்டிட்டுச் செத்துரும். ஈரத்தோட சூடு வேணும், ஆட்டக்கூடாது, தொறந்து தொறந்து பாக்கக்கூடாது. இதுதான் ரொம்ப முக்கியமான நேரம், உங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க.

அம்மிணி, எனக்கு ஒரு யோசனை. தப்பா சரியான்னு நீங்களே சொல்லுங்க. செல்லாண்டி என்ன கேட்டான்? முட்டை. முட்டையைக் கொண்டாந்தா மிதிக்கறேன்னான். நானும் முட்டைக்குத்தான் சரின்னேன். இது இப்ப முட்டையா? பேசறதைப் போயி முட்டைன்னு சொல்லுவாங்களா? குஞ்சை அவன் கேக்கவே இல்லையே.

அவருக்குத் திங்கக்கிழமை இல்லைன்னா இன்னொரு நாளு. கோர்ட்டுல வாய்தா குடுப்பாங்க. இதுங்ககிட்டப் போயி வாய்தா கேக்க முடியுங்களா?

ஏனுங் கண்டக்டர்! பிரிவுல நிறுத்துங்க! எறங்கிக்கறேன். டிக்கெட்டு ஆஸ்பத்திரி வரைக்கும்தான் எடுத்தேன், யாரு இல்லைன்னா? மிச்சத் தூரத்துக்கு நீயே உக்காந்துட்டு வா. எதுத்தாப்புல எங்கூருப் பஸ்ஸு எத்தனை மணிக்கு? பத்து நிமிசமா? போதும். பாட்டல் தாங்கும்.

அம்மிணி, ஒரே ஒரு ஒத்தாசை. நீங்க ரெண்டாவது மாடிக்குத்தானே போறீங்க. இந்தத் தூக்குப்போசியை மட்டும் பதினாறாம் கட்டில்ல குடுத்துருங்க. செல்லாண்டின்னு கேளுங்க. காதுல கட்டு, வலது கையில கட்டு, பாத்தாலே தெரியும். அக்கா வந்துட்டுத்தான் இருந்தா, பாதி வழியில குஞ்சு பேச ஆரம்பிச்சுருச்சு, திரும்பிட்டான்னு சொல்லுங்க. போசியை வெறுமனே திருப்பிக் குடுத்தா நல்லா இருக்காதுன்னு, வெடியக்காலையில எந்திரிச்சு எங்கையாலயே வச்சேன். மொளகு கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். சரசு கட்டாயம் ஊட்டிவிடுவா, அவனால பெசஞ்சு திங்க முடியாதில்ல. அவளுக்கு வேண்டாம்னு சொல்லிருங்க, அவ கோழி திங்கமாட்டா.

நீங்க சித்த நேரம் பக்கத்துல நில்லுங்க. எலும்பு வரைக்கும் முடிக்கட்டும். சரசு வாயைத் தொடைச்சுவிடட்டும்.

அப்பறம் சொல்லுங்க, வல்லூறுன்னு. அதுக்கு முன்னால வேண்டாம். சாப்பிடற மனுசனைத் தொந்தரவு பண்ணக்கூடாது.

புடிச்சுக்குங்க. சாயாமப் புடிங்க. வர்றேனுங்க.